கழுவாத பெட்டி

விஜயராணி பள்ளிக்கூடத்து வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபோது லாரியின் பின்பக்கத் தடுப்பை ஏற்கெனவே இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே பழைய மானிட்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா இறங்கி நிற்கும்வரைதான் அவளுக்குப் பொறுமை இருந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

காலையில் கலைவேந்தன் சார் போன் செய்திருந்தார். ஒரு காலத்தில் இந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர், இப்போது அரியாங்குப்பம் பக்கம் வேலை பார்க்கிறார். "விஜி, பாகூர் பக்கத்து ஸ்கூல்ங்கள்ல பழைய சிஸ்டத்தை எல்லாம் கழிச்சு அனுப்புறாங்க. இன்னைக்கு உங்க ஊராம். உடனே கெளம்பு" என்றார்.

அவள் தேடி ஓடிய பொருளைப் பற்றிப் போன மாதம் சொன்னவரும் அவரேதான். வில்லியனூரில் அவள் வேலை செய்யும் செல்போன், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு, உடைந்த திரையை மாற்ற வந்திருந்தார். பேச்சுவாக்கில், "அம்மா எப்படி இருக்காங்க? அவங்க குரலைக்கூட நம்ம லேப்ல பதிஞ்சு வச்சோமே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். விஜயராணியின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது.

அவளுடைய அம்மா காசம்மாளுக்குக் குரல் இல்லை. விஜயராணி சிறு பெண்ணாக இருந்தபோது தொண்டையில் புற்றுநோய் வந்து, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது இறைவன் கருணை. அன்றிலிருந்து கழுத்தில் இருக்கும் சிறு துளை வழியாகத்தான் மூச்சு. அதன் மேல் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கட்டியிருப்பாள். மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் இரண்டு முறை கை தட்டுவாள். கடையில் யார் கை தட்டினாலும் விஜயராணி திரும்பிப் பார்ப்பது அந்தப் பழக்கத்தால்தான்.

அம்மா முன்பு பேசிய சொற்கள் சில அவளுக்கு நினைவிருந்தன. ஆனால் குரல் மட்டும் நினைவில் இல்லை. அது மெல்லியதா கனத்ததா என்றுகூடத் தெரியாது. அந்த நாளில் அவர்கள் வீட்டில் பேசிப் பதியக்கூடிய போன் கிடையாது. கரும்பு வெட்டப் போகும் குடும்பத்தில் யார் யாருடைய குரலைப் பதிந்து வைப்பார்கள்?

கலைவேந்தன் சார் சொன்ன பிறகு அந்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அம்மாவின் நோய் தெரிவதற்கு முன், பெற்றோர் வந்து கம்ப்யூட்டரைப் பார்க்கலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைவதுபோல எல்லோரும் லேபுக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொருவரையும் ஹெட்செட் மாட்டி ஒரு நிமிடம் பேச வைத்தார் சார். ஒரு நிமிடத்துக்கு மேல் அது பதியாது. விஜயராணி உட்காரும் கம்ப்யூட்டரில் அம்மாவின் குரல் பதிவானது. அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மாதா ஸ்டிக்கர் உண்டு. ஆயுத பூஜைக்கு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது, "எங்க வூட்டுச் சாமியும் இருக்கட்டும்" என்று, வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவில் வாங்கிய ஸ்டிக்கரை அவள்தான் ஒட்டினாள்.

இதைச் சொல்லித் தலைமையாசிரியை மகாலட்சுமியிடம் போன மாதமே கேட்டாள். லேப் பூட்டிக் கிடக்கிறது, பொருள் கழிவில் சேர்ந்துவிட்டது, மேலிடத்து அனுமதி இல்லாமல் தொட முடியாது என்றார் அவர். எழுதிப்போட்டிருப்பதாகவும் சொன்னார். அனுமதி வருவதற்குள் லாரி வந்துவிட்டது.

பள்ளியின் நடுமுற்றத்துக்கு வந்த விஜயராணி அங்கேயே நின்றுவிட்டாள்.

கம்ப்யூட்டர் பெட்டிகள் வரிசையாக வெயிலில் கிடந்தன. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காற்றுத்துளைகளில் சோப்பு நுரை. பக்கத்தில் ஒரு ரப்பர் குழாயும் தேங்காய் நாரும் கிடந்தன. துப்புரவுப் பணியாளர் தனக்கொடி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடைசி கீபோர்டைக் குழாயடியில் அலசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! இன்னாக்கா பண்ற?"

"வா பாப்பா." தனக்கொடியின் முகத்தில் பெருமை. "பளபளன்னு ஆக்கிட்டேன் பாத்தியா? எவ்ளோ அழுக்கு! பல்லி முட்டைங்கூட இருந்துச்சி. ஆயுத பூஜை வருது. சாமான அழுக்கோட வெளிய அனுப்புனா நல்லாவா இருக்கும்? இதுங்களும் இத்தினி வருசம் புள்ளைங்களுக்கு உழைச்சிதுதான?"

அவள் சொன்னதில் தவறொன்றும் இல்லை. அந்த ஊரில் ஏர்க்கலப்பையும் டிராக்டரும் தையல் மெஷினும் பூஜைக்கு முன் குளிக்கும். விற்கப்போகும் மாட்டைக்கூடக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத்தான் அனுப்புவார்கள். மாடு நனையலாம், கம்ப்யூட்டர் நனையக் கூடாது என்று தனக்கொடிக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

விஜயராணிக்கு அது எதுவும் தோன்றவில்லை. "அறிவு கீதா உனக்கு? கரண்டு சாமானுல தண்ணிய ஊத்துவாங்களா? எங்கம்மா கொரலு அதுலதான் இருந்துச்சி. கொன்னுட்டியே!" என்று கத்தினாள்.

தனக்கொடியின் கையிலிருந்த கீபோர்டு கீழே விழுந்தது.

விஜயராணி ஈரத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு பெட்டியாகப் புரட்டினாள். தண்ணீரில் நனைந்தாலும் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் ஒருவேளை பிழைக்கலாம். நன்றாகக் காயவைத்தால் வழியுண்டு. ஆனால் எந்தப் பெட்டி? எல்லாம் ஒரே நிறம். மாதாவின் நீல முக்காடு எதிலும் தெரியவில்லை.

"ஸ்டிக்கரு எங்கக்கா? ஒண்ணுல மாதா படம் இருந்திருக்குமே. தேச்சு எடுத்துட்டியா?"

தனக்கொடி வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல் உரக்க வந்தது.

"மேடம், பொட்டி ஒண்ணு கொறையுது!"

லாரியோடு வந்திருந்த புகழ்வேந்தன் என்பவன். கழிவுப் பொருள் எடுக்கும் கம்பெனியின் மேற்பார்வையாளர். காக்கிச் சட்டை, காதில் சொருகிய பேனா. "மானிட்டர் சரியா இருக்கு. சிபியூ ஒண்ணு கம்மி. சீக்கிரம் பாத்துச் சொல்லுங்க. வண்டியக் கழுவி மாலை போடணும். இன்னைக்கு வுட்டா நாலு நாள் லீவு. பொறவு என்னைக்கு வருவன்னு எனக்கே தெரியாது."

மகாலட்சுமி ஹாலிலிருந்து வேகமாக வந்தார். ஹாலில் பூஜைக்கு எல்லாம் தயாராக இருந்தது. உயரமான பீடத்தில் மஞ்சள் துணி போர்த்தி சரஸ்வதி படம், முன்னால் புத்தகங்களும் பேனா பென்சில்களும், ஓரத்தில் பொரி கடலைப் பொட்டலங்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஆரத்திக்குக் காத்திருந்தார்கள்.

"நேத்து சாயந்திரம் நானே எண்ணிப் பாத்து லேபைப் பூட்டினேன்." மகாலட்சுமி ஈரப் பெட்டிகளை விரலால் எண்ணினார். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த மனுஷி. "காலைல சாவியை வாங்கினது நீதானே தனக்கொடி? எங்க போச்சு ஒரு பெட்டி?"

தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாயைத் திறந்து சொல்லு. கழுவச் சொல்லி யார் சொன்னாங்க உனக்கு? கழுவுற சாக்குல யாருக்காவது எடுத்துக் குடுத்தியா? போலீஸ் வரைக்கும் போவும் இது. உன் வேலையும் போவும், என் பென்ஷனும் நிக்கும்."

புகழ்வேந்தன் உச்சுக் கொட்டினான். "பழைய இரும்புக்குப் போட்டா பத்து ரூபா பெறாது. இதப் போய் எடுப்பாங்களா?"

"நீங்க சும்மா இருங்க சார்."

விஜயராணி எழுந்து நின்றாள். காணாமற்போனது எந்தப் பெட்டி என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. இங்கே இருக்கும் எதிலும் ஸ்டிக்கர் இல்லை. "அக்கா, அந்த ஒண்ணுதான எனக்கு வேணும். எங்க வச்சிருக்க? சொல்லுக்கா! எவங்கிட்ட குடுத்த?"

எல்லோருடைய கண்களும் தனக்கொடியின் மேல் இருந்தன. நனைந்த சேலையோடு அவள் நின்றிருந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. உதடு துடித்ததே தவிர ஒரு சொல்லும் வரவில்லை. பேசத் தெரிந்தவர்களின் வாயைக்கூடப் பயம் அடைத்துவிடும்.

அப்போதுதான் காசம்மாள் வந்து சேர்ந்தாள். அவளுக்கு வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். வாசலிலிருந்து மெல்ல நடந்து வந்தவள், மகளின் முகத்தையும் மகாலட்சுமியின் முகத்தையும் பார்த்தாள். பிறகு யாரிடமும் போகாமல் நேராகத் தனக்கொடியிடம் போனாள்.

தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். தனக்கொடியின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, நுரையைத் துடைத்தாள். முகத்தில் வழிந்ததையும் துடைத்தாள். தோளைப் பிடித்து வேப்பமர நிழலுக்கு அழைத்துப்போய்ச் சிமென்ட் மேடையில் உட்கார வைத்தாள். பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள். கடைசியாக மகளைச் சுட்டிக்காட்டி, 'அவள் கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ' என்பதுபோலக் கைகூப்பினாள்.

விஜயராணிக்கு முகம் சுட்டது. குரலைத் தேடி வந்தவள் அவள். குரலை இழந்தவளோ அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.

தனக்கொடி தண்ணீரைக் குடிக்கவில்லை. காசம்மாளின் கூப்பிய கைகளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நான் எவனுக்கும் குடுக்கல யக்கா. சத்தியமா குடுக்கல. ஒண்ணுல சாமி படம் ஒட்டியிருந்துச்சி. உங்க மாதா. அதும்மேல எப்டி சோப்புத் தண்ணி ஊத்துறது? நாரு போட்டு எப்டி தேய்க்கிறது? உரிச்சிப் பாத்தேன், கிழியப் பாத்துச்சி. வேணாம்னு வுட்டுட்டேன். சாமிய இரும்புக் கடைக்கி அனுப்பவும் மனசு வரல. அதான்..."

"அதான்?" என்றார் மகாலட்சுமி.

"பீடம் பத்தலன்னு நேத்து நீங்கதான டீச்சர் சொன்னீங்க. தொணியப் போட்டு மூடி, சரசோதி படத்த அதும்மேல வச்சிட்டேன்."

எல்லோரும் ஹாலின் பக்கம் திரும்பினார்கள். அந்த மஞ்சள் துணி அவர்களுக்கு நேர் எதிரேதான் இருந்தது. காணவில்லை என்று கூச்சலிட்ட பொருளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டுதான் பிள்ளைகள் பொரிக்குக் காத்திருந்தார்கள்.

விஜயராணி ஓடினாள். துணியின் ஓரத்தைத் தூக்கியதும் நீல முக்காடு தெரிந்தது. நிறம் மங்கி, ஒரு மூலை கிழிந்து, ஆனால் மாதா அப்படியே இருந்தாள். பெட்டி உலர்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை.

"டீச்சர், ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துக்கிறேன். பென்டிரைவ் வச்சிருக்கேன். அஞ்சு நிமிசம்."

மகாலட்சுமி சரஸ்வதி படத்தைப் பார்த்தார். பூஜையில் வைத்த பொருளை விஜயதசமி வரை தொடக் கூடாது. இது அவர் அம்மா சொல்லி, அவர் பிள்ளைகளுக்குச் சொன்ன வழக்கம். மேலிடத்து அனுமதியும் இன்னும் வரவில்லை. வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

காசம்மாள் ஹாலின் வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் நிற்பதுபோல.

"இன்னும் ஆரத்தி காட்டலயே" என்றார் மகாலட்சுமி, யாரிடமோ சொல்வதுபோல. கன்னத்தில் போட்டுக்கொண்டு, படத்தைத் தம் கையாலேயே தூக்கி நாற்காலியில் வைத்தார். "சீக்கிரம். ஆபீஸ் மானிட்டரை எடுத்துட்டு வாங்க. கீபோர்டும்தான், அதெல்லாம் இங்க குளிச்சிட்டு உக்காந்திருக்கு."

பிளக்கைச் சொருகி விஜயராணி பொத்தானை அழுத்தினாள். விசிறி உறுமியது. உடனே பீப் பீப் என்று பெட்டி அலறியது. திரை கறுப்பாகவே இருந்தது.

"அவ்ளோதான், போச்சி" என்றான் புகழ்வேந்தன். ஹாலுக்குள் எப்போது வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை.

"போகல. ரேம் பலகைல பாசி புடிச்சிருக்கும்." விஜயராணி பக்கத் தகட்டைக் கழற்றி, சிறிய பச்சைப் பலகையைப் பிடுங்கினாள். பித்தளைப் பற்கள் கறுத்திருந்தன. "ரப்பர் இருக்கா? பென்சில் அழிக்கிற ரப்பர்?"

பிள்ளைகளின் ரப்பர்கள் எல்லாம் பூஜைத் தட்டில் இருந்தன. குங்குமம் வைத்தாகிவிட்டது. மகாலட்சுமி ஒரு கணம் தயங்கினார். பிறகு குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்றார்.

ரப்பரால் அழுத்தித் தேய்த்து, ஊதி, மறுபடி சொருகினாள். பீப் சத்தம் வரவில்லை. திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. ஒரு விசையை அழுத்தச் சொல்லி நின்றது. அழுத்தினாள். பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தபோது பிள்ளைகள் "ஐ!" என்றார்கள்.

அவள் மனம் திரையில் இல்லை, காதில் இருந்தது. பெட்டிக்குள் இருந்து மெல்ல ஒரு சத்தம். டக், டக். ஹார்டு டிஸ்க் கடைசி மூச்சு வாங்கும்போது வரும் சத்தம் அது. கடையில் பலமுறை கேட்டிருக்கிறாள்.

கலைவேந்தன் சார் சொன்ன இடத்தில் கோப்புகள் இருந்தன. பெயர் இல்லை, எண்கள்தான். எது அம்மாவுடையது? ஒன்றைத் திறந்தாள். வேறு யாரோ ஒருவர் திருக்குறள் சொல்லிக்கொண்டிருந்தார். மூடினாள். டக், டக், டக். பெட்டியைக் காலை வழிபாட்டு ஸ்பீக்கரில் மாட்டியிருந்ததால் பதிவின் ஒவ்வொரு சொல்லும் பள்ளி முழுக்கக் கேட்டது. அடுத்ததைத் திறந்தாள்.

"ஆன் ஆயிடுச்சா சார்?"

ஒரு பெண்ணின் குரல். கொஞ்சம் கனத்த, ஓரத்தில் கரகரக்கும் குரல்.

"இன்னா பேசுறது? ஐயய்யோ, எல்லாம் என்னியே பாக்குதுங்க. வெக்கமா கீது சார்." சிரிப்பு. கலைவேந்தன் சாரின் இளவயதுக் குரல் தூரத்திலிருந்து, "வூட்ல எப்டிக் கூப்புடுவீங்க? அப்டியே கூப்புடுங்க."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அந்தக் குரல் தெருவைத் தாண்டிப் போகும்படி எழும்பியது.

"விஜீ... அடியே விஜீ! எங்கடி போய்ட்ட? இருட்டிப் போச்சி பாரு. வந்து சோத்தத் துன்னுட்டுப் போயி ஆடு. மீன் கொழம்புடி! ஆறுனா நல்லா இருக்காது. வரியா, நான் வரட்டா குச்சிய எடுத்துக்கினு? ... இன்னா சார், போது..."

அங்கே நின்றுவிட்டது.

விஜயராணி திரும்பினாள். ஹாலின் வாசலில் அம்மா நின்றிருந்தாள். ஒரு கை கழுத்துக் கைக்குட்டையின் மேல் இருந்தது. முடியாமல் போன கடைசிச் சொல்லை அவள் உதடுகள் சத்தமில்லாமல் முடித்துக்கொண்டிருந்தன. தனக்கொடி அவள் பக்கத்தில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று விஜயராணிக்குத் தெரியாது. ஞாபகம் வந்து பென்டிரைவைச் சொருகியபோது பெட்டிக்குள் கிர்ரென்று உலோகம் உரசும் ஓசை கேட்டது. திரை முழுக்க நீலமாகியது. அணைத்துப் போட்டாள். மீண்டும் போட்டாள். ரப்பரால் மறுபடி தேய்த்தாள். இப்போது அந்த டக் டக் சத்தமும் இல்லை.

"இல்ல..." என்றாள். "இல்ல, இல்ல. இப்பதான பேசிச்சி. நான் மொதல்ல எடுத்திருக்கணும். கேட்டுக்கினே நின்னுட்டேனே!"

பெட்டியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மகாலட்சுமி அவள் முதுகில் கை வைத்தார்.

"தங்கச்சி" என்றான் புகழ்வேந்தன்.

அவள் நிமிரவில்லை.

"தங்கச்சி, இங்க பாரும்மா." அவன் கையில் அவனுடைய போன் இருந்தது. கண்ணாடி வெடித்த போன். "கொரலு ஆரம்பிச்சதும் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துட்டுச்சி. கை தானா அமுத்திட்டுச்சி. மொத்தமும் வுழுந்திருக்கும்னு நெனைக்கிறேன். நடுவுல நம்ம டிரைவர் ஹாரன் அடிச்சான், நான் 'சனியனே, சும்மா இர்றா'ன்னு சொன்னது கூட வுழுந்திருக்கும். அதுக்கு மன்னிச்சிக்க."

அவன் விரலால் தட்டினான். அந்தச் சிறிய போனிலிருந்து, ஹாரனுக்கும் காக்கைச் சத்தத்துக்கும் பிள்ளைகளின் கிசுகிசுப்புக்கும் நடுவே, "அடியே விஜீ" என்று கேட்டது.

அப்போது அழுத அழுகையை விஜயராணி அதற்கு முன் அழுததில்லை. அழுதபடியே போய்த் தனக்கொடியின் காலில் விழப் பார்த்தாள்.

"ஏய், எந்திரி, எந்திரி! நல்ல நாளும் அதுவுமா." தனக்கொடி அவளைப் பிடித்து நிறுத்தினாள். "நான்தான் தண்ணி ஊத்திட்டேன். எனக்கென்ன பாப்பா தெரியும்?"

"அக்கா, நீ ஊத்தாத ஒண்ணுதான்கா பேசிச்சி."

மகாலட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எண்ணிக்கை சரியா இருக்கு சார். ஏத்திக்கோங்க" என்றார் புகழ்வேந்தனிடம். பிறகு தனக்கொடியைப் பார்த்து, "நான் பேசினதை மனசுல வச்சுக்காதம்மா. வா, பூ எடுத்து வை" என்றார்.

பெட்டியைத் தூக்கும் முன் புகழ்வேந்தன், கழற்றிக் கிடந்த பக்கத் தகட்டைப் பார்த்தான். மாதாவின் படம் அதில்தான் இருந்தது. "இத வேணா நீங்க வச்சிக்கலாம் மேடம். நம்பரு பொட்டிலதான் இருக்கு" என்றான். மகாலட்சுமி தலையசைத்தார். தனக்கொடி அதை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, காசம்மாளின் கையில் கொடுத்தாள். ஒரு நாற்காலியின் மேல் மஞ்சள் துணியை விரித்து சரஸ்வதி படத்தை வைத்தார்கள். மணி அடித்தது. கற்பூரம் எரிந்தது. லாரிக்குப் போன புகழ்வேந்தனுக்கும் ஒரு பொரிப் பொட்டலம் போனது.

ஆரத்தி முடிந்ததும் பிள்ளைகள் விஜயராணியைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னொரு தபா போடுங்கக்கா, மீன் கொழம்பு!" என்றார்கள். பதிவு இப்போது அவளுடைய போனிலும் இருந்தது. போட்டாள். 'நான் வரட்டா குச்சிய எடுத்துக்கினு' என்று வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். காசம்மாளும் சிரித்தாள். அவள் சிரிப்புக்குச் சத்தமில்லை, தோள்கள்தான் குலுங்கின.

கிளம்பும் நேரம். காசம்மாள் தகட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்கூட்டி பக்கத்தில் போய் நின்றாள். விஜயராணி இன்னும் தனக்கொடியின் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். காசம்மாள் தகட்டைச் சீட்டின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, இரண்டு முறை கை தட்டினாள்.

"வரேம்மா!" என்றாள் விஜயராணி.

இத்தனை வருடங்களில் கைதட்டலுக்கு அவள் வாய்திறந்து பதில் சொன்னது அதுதான் முதல் முறை.